லூயிஸ் வீட்டில் இருந்த நாட்கள்

லூயிஸ் என் தம்பி மகன். என் மகள் சில்வியாவைக் கட்டியதால் மருமகனும் ஆனான். அவன் வேலை செய்கிற இடத்தின் பெயரை எழுத வேண்டாம், கம்பெனி என்று போட்டால் போதும். கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரியை மலை மலையாகக் குவித்து, அங்கிருந்து ரப்பர் பெல்ட்டில் அனுப்புகிற இடம். எண்ணூர் பக்கம் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை.

பெல்ட் ஓடும்போது ஓரத்தில் கரி சிந்தும். சிந்தியதை வாரி மறுபடியும் பெல்ட்டிலேயே போடுவதுதான் அவன் வேலை. பதினெட்டு வருஷமாக அதையேதான் செய்கிறான். கேட்கிறவர்களுக்கு இது என்ன பெரிய வேலை என்று தோன்றும். வாராமல் விட்டால் கரி மேடாகி உருளையில் சிக்கும், சிக்கினால் சூடேறும், சூடேறினால் தீப்பிடிக்கும். அதனால் அந்த இடத்தில் ஆள் இல்லாமல் ஒரு ஷிப்டுகூட ஓடாது.

பெல்ட் போடுகிற இரைச்சலில் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்காது. கையாலேயே பேசிப் பேசி அவனுக்கு வீட்டிலும் அதே பழக்கம். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். போதும் என்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பான். சில்வியா, "இன்னா நான் கிரேன் டிரைவரா, சைகை காட்டிகினு கீறே" என்று திட்டுவாள். சிரிப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி வாசலை ஒட்டித்தான் நிற்பான். இருமல் வந்தால் வெளியே போய்விடலாம் இல்லையா. பேனா வைத்திருக்கிற மனிதர் யாராவது எதிரில் உட்கார்ந்துவிட்டால் அவனுக்கு வாயே வராது. அப்படிப்பட்ட இடங்களுக்கு நான்தான் கூடப் போவேன். எனக்குப் படிப்பில்லை, ஆனால் வாய் உண்டு.

அவன் கான்டிராக்ட் ஆள், கம்பெனி ஆள் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கான்டிராக்டர் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொள்வார். மூன்று நாள் வெளியே. நாலாம் நாள் புதுப் பாஸ். பழைய போட்டோ, புதுத் தேதி. இதற்குப் பிரேக் என்று பேர். ஏன் என்று கேட்டால் ரூல் என்பார்கள். ஒரே ஆள் விடாமல் வேலை செய்தான் என்று காகிதத்தில் ஏறிவிடக் கூடாது, ஏறினால் நாளைக்கு நிரந்தரம் கேட்பான். அவ்வளவுதான் அந்த ரூல்.

ஆனால் உண்மையைச் சொன்னால், லூயிஸ் ஒரு பிரேக் நாளிலும் வீட்டில் இருந்ததில்லை.

அது எப்படி என்றால், அவனோடு அதே பெல்ட்டில் உருளைகளைப் பார்த்துக்கொள்பவன் பரசுராமன். காத்திவாக்கத்து மீன்பிடிக் குடும்பம். அவன் வேறு கான்டிராக்டரின் ஆள். அந்தக் கான்டிராக்டர் வருஷத்துக்கு ஒரு பாஸ் தருவார், பிரேக் கிடையாது. ஆனால் பரசுராமனுக்கு வேறொரு கட்டு இருந்தது. அவன் ஊரில் ஆற்றில் இறங்கி வலை போட குடும்பத்துக்குக் குடும்பம் முறை வைத்திருக்கிறார்கள். முறை வரும் நாளில் வீட்டு ஆண் ஒருவன் இறங்கியாக வேண்டும். இரண்டு முறை விட்டுவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஆறு இல்லை. வருஷத்தில் நாலு தடவை, தடவைக்கு மூன்று நாள் அவனுக்கு முறை வரும். கம்பெனி அதற்கெல்லாம் லீவு தருமா?

ஒருவனுக்கு வேலை இருக்கிறது, பாஸ் இல்லை. இன்னொருவனிடம் பாஸ் இருக்கிறது, வர முடியாது. கோதண்டம் என்று ஒரு மேஸ்திரி இருந்தார். அவருக்குப் பெல்ட்டுக்கு ஆள் வேண்டும். பரசுராமனுடைய முறை எப்போது என்று கேட்டுக்கொண்டு, லூயிஸின் பிரேக்கை அதே நாட்களில் போட்டுவிடுவார். லூயிஸ் பரசுராமனின் பாஸை மாட்டிக்கொண்டு உள்ளே போவான். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே மீசை. பாஸில் இருந்த போட்டோ வேர்வையில் வெளுத்து யாருடையது என்றே தெரியாது. கேட்டில் இருப்பவர் பாஸின் கலரைத்தான் பார்ப்பார். வெளியே வரும்போது எல்லா முகமும் ஒரே கரி முகம்.

அந்த மூன்று நாளும் கூட வேலை செய்கிறவர்கள் அவனைப் பரசு என்றே கூப்பிடுவார்களாம். "இன்னா பரசு, ராத்திரி எறா எவ்ளோ மாட்டுச்சு?" என்று கிண்டல் செய்வார்களாம். அந்த நாட்களின் கூலியைப் பரசுராமன் லூயிஸ் கையில் கொடுத்துவிடுவான். அதற்கு மேல் ஒரு பை எறாவும் வரும். அதை உரித்துத் தொக்கு செய்ததும் நான்தான், தின்றதும் நான்தான். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

போன ஐப்பசியில் கம்பெனி போர்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சங்கம் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த விஷயம். கடைசி பத்து வருஷம் தொடர்ந்து வேலை செய்த கான்டிராக்ட் ஆட்களை நிரந்தரம் ஆக்குவார்கள். ஐம்பது வயது தாண்டியிருக்கக் கூடாது. இதற்குப் பிறகு இன்னொரு பட்டியல் கிடையாது.

லூயிஸுக்கு மார்கழியில் ஐம்பது முடிகிறது.

நிரந்தரம் என்றால் எங்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். அவன் இருமலுக்குக் கம்பெனி டாக்டர் பார்ப்பார். வார முடியாமல் போகிற அன்றைக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது தருவார்கள். கான்டிராக்ட் ஆள் என்றால், இருமுகிறவனுக்கு அடுத்த பாஸ் வராது. அப்படி வராமல் போன இரண்டு பேரை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

எங்களுக்கு நம்பிக்கை இருந்தது. பெரிய வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் புகுந்த யார்டில் லூயிஸ் நாலு நாள் தங்கி வேலை செய்தான். அப்போது டென்னிஸ் என்று நாகர்கோவில்காரர் ஒருவர் இன்ஜினியராக இருந்தார். ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது லூயிஸுக்கு ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அதை லேமினேஷன் போட்டுத் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தோம். என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் யாரும் முழுதாகப் படித்ததில்லை. இங்கிலீஷில் இருந்தது, சீல் இருந்தது, அதுவே போதும் என்றிருந்தோம்.

அதையும் நோட்டீஸின் நகலையும் எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சுகிர்தத்திடம் போனேன். லூயிஸ் ஷிப்டில் இருந்தான். சுகிர்தமும் தெற்கத்திப் பொண்ணு. மனு எல்லாம் அவளே அடித்துக் கொடுப்பாள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதலில் சர்டிபிகேட்டைப் படித்து, "நல்லா எழுதியிருக்காரு பாட்டி, ரொம்பப் பெருமையா எழுதியிருக்காரு" என்றாள். பிறகு நோட்டீஸைப் படித்தாள். பிறகு மறுபடியும் சர்டிபிகேட்டை எடுத்தாள்.

"இன்னாம்மா?"

"இல்ல பாட்டி. நோட்டீஸ்ல கன்டினுவஸ்னு கேக்காங்க. இவரு கன்டினுவல்னு எழுதியிருக்காரு."

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே கேக்குது."

"கேக்கதுக்கு அப்படித்தான் இருக்கும். நானும் ஒண்ணுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்." கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தாள். "கன்டினுவஸ்னா நடுவுல ஒரு எடங்கூட விடாம. கன்டினுவல்னா விட்டு விட்டு, ஆனா முடிஞ்சு போகாம, திரும்பத் திரும்ப வந்துகிட்டே இருக்கது."

அவள் இதை விளக்க ரொம்பக் கஷ்டப்பட்டாள். எனக்கு அதில் கஷ்டம் இல்லை. கார்த்திகை மழையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியாதா? ஒரு நாள் விடாமல் பெய்யும், ஒரு நாள் விட்டுவிட்டுப் பெய்யும். விட்டுவிட்டுப் பெய்கிற மழையிலும் துணி காயாது. நனைகிறவனுக்கு இரண்டும் மழைதான். அதற்கு இங்கிலீஷில் தனித்தனியாகப் பேர் வைத்து, ஒரு பேருக்கு வேலை உண்டு, ஒரு பேருக்கு இல்லை என்று சொல்வார்கள் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது.

"அந்த ஒரு எழுத்த மாத்தி அடிச்சிக் குடேன்" என்றேன்.

"ஐயோ பாட்டி, கையெழுத்து போட்டு சீல் வச்ச பேப்பர். நான் கை வச்சா அது கேஸாயிரும்." சர்டிபிகேட்டைத் துணியால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். "அந்த சாரு தெரிஞ்சுதான் அப்படி எழுதியிருக்காரு போல. பிரேக் விடுறாங்கன்னு அவருக்குத் தெரியும்லா. பொய் எழுதக் கூடாதுன்னு பாத்திருக்காரு."

மனுவை அடித்துக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து ஆபீசுக்கு வரச் சொல்லி லூயிஸுக்குப் போன் வந்தது. நானும் போனேன்.

பேரைச் சரிபார்க்கிற வேலைக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். ராமசெல்வி என்று மேஜையில் எழுதியிருந்ததாக லூயிஸ் சொன்னான். முப்பது வயது இருக்கும். கெட்டவள் இல்லை. என்னை உட்காரச் சொல்லி, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள். சர்டிபிகேட்டை இரண்டு தடவை படித்தாள்.

"இதை எழுதினவர் சரியாத்தான் எழுதியிருக்கார்" என்றாள். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். பச்சைப் பச்சையாகக் கட்டம். நடுவில் அங்கங்கே வெள்ளை. "பச்சை எல்லாம் இவர் உள்ளே இருந்த நாள். வெள்ளை வெளியே இருந்த நாள். பத்து வருஷத்துல நாற்பது இடம் வெள்ளையா இருக்கு பாட்டி. எங்கிட்ட கேட்டிருக்கிறது கன்டினுவஸ். இது கன்டினுவல்."

"அந்த வெள்ளைய உட்டது யாரு? அவனா? நீங்கதானே பாஸைப் புடுங்கினீங்க."

"கான்டிராக்டர் விட்டார். அது எனக்கும் தெரியும்." குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒண்ணு சொல்றேன். இந்த வெள்ளை நாள்ல இவர் உள்ளே வந்து வேலை பார்த்திருந்தா, அதை யாராவது வந்து சொன்னா, ரெண்டு மூணு இடம் காட்டினாக்கூட போதும். மீதிக்கு நான் மேல பேசுவேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

நான் லூயிஸைப் பார்த்தேன். அவன் உள்ளங்கையை மேஜைக்குக் கீழே கவிழ்த்துக் காட்டினான்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, கடவுளே கதவத் தொறந்து வச்ச மாரி கேக்கிறா அந்தப் பொண்ணு. சொல்றதுக்கு இன்னா?"

"இன்னான்னு சொல்றது அத்தே?"

"நீ உள்ளதான் இருந்தேன்னு."

"எவன் பாஸ்லன்னு கேப்பாங்க."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவன் ரோட்டோரம் நின்று இருமி முடித்துவிட்டுச் சொன்னான். "அன்னிக்கு நான் உள்ள இருந்தா பரசு வெளிய இருந்தான்னு ஆவும். அவன் பேரும் இதே லிஸ்ட்ல கீது. அவனுக்கு எல்லாம் பச்சை. அதுல நாப்பது எடம் நான். என் ஓட்டைய அடைக்கணும்னா அவன் வூட்டுக் கூரை ஓட்டத்தான் பிரிக்கணும். அது மட்டுமா? அடுத்தவன் பாஸ்ல போனா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பலாம். அந்தப் பொண்ணு நல்லதா கேக்குது. அதுக்கு மேல இருக்கிறவன் அப்படியா கேப்பான்?"

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டில் சில்வியா சோற்றுப் பானையை டமார் என்று இறக்கினாள். "உன் தோஸ்து கம்பெனி பஸ்ல போவான். நீ கரி வாரிகினே சாவு. உனக்கு இன்னா, நீ போய்ச் சேர்ந்துடுவே. நான் எங்க போவேன்?" லூயிஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். அவள் அழுதாள். அவன் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு இன்னொரு கையால் அவள் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த பேச்சு அதுதான்.

நான் அப்படி விட்டுவிடுகிறவள் இல்லை. வியாழக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் காத்திவாக்கம் போனேன். பரசுராமன் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெண்சாதி தேசம்மாள் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வா ஆயா. இன்னா இம்மாந்தூரம்? போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

நான் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். நாற்பது வெள்ளையைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். "நீ ஒரு வார்த்தை சொன்னா அவனுக்கு வேலை கெடைக்கும்" என்றேன். சொல்லாமல் விட்டது என்ன என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டைத் தோளில் போட்டான். "இத்த ஏன் அவன் எங்கிட்ட சொல்லல? ராத்திரி பூரா பக்கத்துலதான் நின்னான். முறை வந்தப்பல்லாம் என் வலை எறங்குச்சுன்னா அது அவனாலதான். வரேன் ஆயா. நாளைக்கு நானே வந்து சொல்றேன்."

தேசம்மாள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து என் முன்னால் ஒரு தட்டில் சோறும் குழம்பும் வைத்தாள். வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. சாப்பிட்டதும் பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தாள். வழியில் ஆறு தெரிந்தது. தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது.

"முறையெல்லாம் இன்னும் கீதா?" என்று கேட்டேன்.

"முறை கீது. எறாதான் இல்ல. போன தடவை மூணு நாள் எறங்கி ஒரு குண்டான் கூட ரொம்பல." நடந்துகொண்டே சொன்னாள். "ஆறு போச்சுன்னு தெரிஞ்சப்புறந்தான் ஆயா அவரு நிரந்தரத்துக்கு மனு போட்டாரு."

"நீ இன்னா சொல்றே தேசம்மா? சொல்ல வேணாங்கிறியா?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ கேட்டது தப்புன்னும் சொல்ல மாட்டேன். என் புருஷனா இருந்தா நானும் உன் வூட்டு வாசல்ல வந்து நின்னிருப்பேன்." பஸ் வந்தது. என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். "பாத்துப் போ ஆயா. படி ஒசரம்."

அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். லூயிஸுக்குச் சேர வேண்டியதைத்தானே கேட்டேன் என்று ஒரு தடவை தோன்றும். யாரிடமிருந்து கேட்டேன் என்று அடுத்த தடவை தோன்றும். இறங்குகிற இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் பரசுராமன் எங்களுக்கு முன்பே வந்து நின்றான். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. லூயிஸுக்கு அவனைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பரசுராமன், "வா, ஒண்ணா போலாம்" என்றான். லூயிஸ் முன்னால் நடந்தான்.

ராமசெல்வி பைலைத் திறந்தாள். "இவர் யாரு?"

பரசுராமன், "மேடம், நான் வந்து" என்று ஆரம்பித்தான்.

"இவரு என் கூட வேலை செய்றவரு மேடம்" என்று லூயிஸ் குறுக்கே சொன்னான். பேனாவுக்கு முன்னால் வாய் வராதவன், பெல்ட் பக்கத்தில் பேசுகிற மாதிரி உரக்கப் பேசினான். "சும்மா தொணைக்கு வந்தாரு. அந்த வெள்ளை நாளு எல்லாத்துலயும் நான் வூட்லதான் இருந்தேன். எனக்குச் சாட்சி யாரும் இல்ல."

பரசுராமன், "டேய்" என்றான்.

"நீ இரு பரசு."

அந்தப் பெண் முட்டாள் இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பரசுராமனைப் பார்த்தாள், அவன் கழுத்தில் தொங்கின பாஸைப் பார்த்தாள். பிறகு லூயிஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாட்டி, நீங்க சொல்லுங்க. அந்த நாள்ல எல்லாம் இவர் எங்கே இருந்தார்?"

நான் எதற்காக அங்கே போனேன்? இதைச் சொல்லத்தான் போனேன். வாயில் வைத்துக்கொண்டுதான் போனேன். என் பக்கத்தில் பரசுராமன் நின்றிருந்தான். நான் சொல்லப் போவதை அவன் மறுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆமாம் மேடம் என்று சொல்லிவிட்டு, அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போவான். அங்கே ஒருத்தி இருப்பாள், அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். லூயிஸ் என்னைப் பார்க்கவே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வூட்லதான் இருந்தான் தாயி" என்றேன். "மூணு நாளும் என் கூட ஒக்காந்து எறா உரிச்சிகினு இருந்தான்."

அவள் பேனா மூடியைக் கழற்றினாள். பிறகு பைலில் ஒரு வரி எழுதினாள். என்னம்மா எழுதினே என்று கேட்டேன். "விட்டுவிட்டு வேலை செய்தார், தொடர்ந்து செய்யவில்லைன்னு எழுதியிருக்கேன்" என்றாள். அதற்குக் கீழே லூயிஸைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அவன் தமிழில் தன் பேரை எழுதினான். மெதுவாக, ஒரு எழுத்தும் விடாமல் எழுதினான்.

வெளியே வந்ததும் பரசுராமன் அவன் சட்டையைப் பிடித்தான். "நான் சொல்லத்தானே வந்தேன். உன்னை எவன் ஞாயம் கேட்டான்?"

"நீ சொல்லியிருந்தா ரெண்டு பேருமே போயிருப்போம்" என்றான் லூயிஸ்.

"போயிருந்தா போயிருப்போம்."

"தேசம்மா கிட்ட கேட்டியா?"

பரசுராமன் சட்டையை விட்டான். கேட் பக்கத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. இரண்டு பேரும் ஒரு டீயை வாங்கி இரண்டாக ஊற்றிக் குடித்தார்கள். நான் தனியாக நின்றேன். சண்டை போட யாராவது கிடைத்தால் தேவலை என்றிருந்தது. அந்த ஆபீஸ் பெண்ணிடம் போட முடியாது, அவள் இருக்கிறதை எழுதினாள். நாகர்கோவில்காரரிடம் போட முடியாது, அவரும் இருக்கிறதைத்தான் எழுதினார். கான்டிராக்டர் யார் என்று எனக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு பேர் மாறுகிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பட்டியல் ஒட்டினார்கள். பரசுராமன் பேர் இருந்தது. அன்று சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று சில்வியாதான் கூப்பிட்டாள். அவளால் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

மார்கழியில் லூயிஸுக்கு ஐம்பது முடிந்தது. தை மாதத்தில் கேட்டில் முகத்தைப் பார்க்கிற மெஷின் வைத்தார்கள். இனிமேல் ஒருத்தன் பாஸில் இன்னொருத்தன் போக முடியாது. பரசுராமன் இப்போது லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முறைக்குப் போகிறான். கோதண்டம் மேஸ்திரியும் வேலையை விட்டுவிட்டார். லூயிஸுக்குப் பழையபடி மூன்று மாதப் பாஸ் கொடுத்தார்கள். அதற்கே நாங்கள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

சித்திரையில் பிரேக் வந்தது. பதினெட்டு வருஷத்தில் அவன் நிஜமாகவே வீட்டில் இருந்த முதல் பிரேக்.

முதல் நாள் வழக்கம் போல விடியற்காலையில் எழுந்து குளித்து, வேலைக்குப் போடுகிற நீலச் சட்டையைப் போட்டுவிட்டான். பிறகு ஞாபகம் வந்து கழற்றினான். இரண்டாம் நாள் சில்வியா மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டாள். போனான், பையைத் தூக்கிக்கொண்டு வந்தான், சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். வீட்டில் இரைச்சல் இல்லாததால் அவன் இருமல் எனக்கு முழுதாகக் கேட்டது. அதுவும் விட்டுவிட்டுத்தான் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் சரக் சரக் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் தெருவில் சரிந்திருந்தது. லூயிஸ் எங்கிருந்தோ ஒரு மண்வாரி வாங்கி வந்து அதை வாரிக்கொண்டிருந்தான். குனிந்து, வாரி, இடது பக்கம் திரும்பி, இடுப்பு உயரத்துக்குத் தூக்கினான். அங்கே பெல்ட் இல்லை. மணலோடு மண்வாரியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான்.

"போதும் வாடா" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் கீது அத்தே" என்றான்.